துப்பாக்கிக்கு முன்னால் பாட்டு என்ன செய்யும்?

“துப்பாக்கி வைத்திருப்பவன் எதிரே நின்று பாட்டுப் பாடினால் அவன் ஆட்சி கவிழ்ந்துவிடுமா? கவிதை, நாடகம், ஓவியம் எல்லாம் தோற்றவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதல்தானே? கொள்கை கொள்கை என்று தனியாளாக நின்று செத்தவர்களால் யாருக்கு என்ன லாபம்?” இதுதான் கேள்வி. கேட்டவருடைய எரிச்சல் எனக்குப் புரிகிறது. ‘கலை வெல்லும்’ என்று மேடையில் யாராவது முழங்கினால் எனக்கும் அதே எரிச்சல்தான் வரும். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பாட்டு அவ்வளவு ஒன்றுக்கும் உதவாத சமாச்சாரம் என்றால், படையும் சிறையும் கையில் இருக்கிறவன் பாட்டுக்காரனை ஏன் தேடிப் பிடித்து உள்ளே போடுகிறான்?

1976இல் செக்கோஸ்லோவாக்கியாவில் அப்படித்தான் நடந்தது. ‘பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யூனிவர்ஸ்’ என்று ஒரு ராக் இசைக்குழு. நீளமுடி வைத்த இளைஞர்கள். அரசைக் கவிழ்க்க வேண்டும் என்றெல்லாம் அவர்கள் பாடவில்லை. குடி, சலிப்பு, வயிற்று உபாதை என்று மனம் போன போக்கில் பாடிக்கொண்டிருந்தார்கள். தொழில்முறையாகப் பாடும் உரிமத்தை அரசு பிடுங்கிக்கொண்டதால், ஊர்ப்புறங்களில் நண்பர்கள் கூடும் இடங்களில் வாசித்தார்கள். குற்றம் அவ்வளவுதான். அவர்களையும் கூட்டாளிகளையும் கைது செய்து வழக்குப் போட்டார்கள்; குழுவின் கலை இயக்குநர் இவான் யிரௌஸுக்கு 18 மாதச் சிறை.

அந்த வழக்கைப் பார்க்க நீதிமன்றத்துக்குப் போனவர்களில் ஒருவர் நாடக ஆசிரியர் வாத்ஸ்லாவ் ஹாவெல். அந்த வழக்கு கிளப்பிய கோபத்திலிருந்துதான் 1977 ஜனவரியில் ‘சாசனம் 77’ பிறந்தது. ‘நீங்களே கையெழுத்திட்ட மனித உரிமை ஒப்பந்தங்களை நீங்களே மதியுங்கள்’ என்பதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. முதலில் கையெழுத்திட்டவர்கள் ஏறத்தாழ 240 பேர். பலருக்கு வேலை போனது. தத்துவம் படித்தவர்கள் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டுப் பிழைத்தார்கள்.

மறு ஆண்டு ஹாவெல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு காய்கறிக் கடைக்காரர் வருகிறார். கடையின் கண்ணாடிக்குப் பின்னால், வெங்காயத்துக்கும் கேரட்டுக்கும் நடுவே, ‘உலகத் தொழிலாளர்களே, ஒன்றுபடுங்கள்’ என்று ஓர் அட்டை. அவருக்கு அதில் நம்பிக்கை கிடையாது. காய் வாங்க வருகிறவர்கள் அதைப் படிப்பதும் கிடையாது. சரக்கோடு சேர்ந்து அட்டையும் மேலிடத்திலிருந்து வந்தது, வைத்துவிட்டார். வைக்காவிட்டால் வம்பு.

என் பதிலின் முக்கால்வாசி அந்த அட்டையில் இருக்கிறது. கொடுங்கோல் அரசுக்கு நாம் அதை நம்ப வேண்டும் என்பதில்லை, நம்புவதாக நடித்தால் போதும். எல்லோரும் நடிக்கும் ஊரில் பக்கத்து வீட்டுக்காரன் நடிக்கிறானா, நிஜமாகவே நம்புகிறானா என்று யாருக்கும் தெரியாது. ‘எனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறதோ’ என்று ஒவ்வொருவரும் வாயை மூடிக்கொள்வார்கள். பத்து லட்சம் பேர் மனசுக்குள் ஒரே மாதிரி வெறுத்தாலும் பத்து லட்சம் பேரும் தனித்தனி. ஒருவன் அந்த அட்டையை எடுத்துக் கீழே வைத்தால் அரசுக்கு அது ஓர் அட்டை குறைந்த கணக்கு ஆகாது. நடிக்காமலும் இருக்கலாம் என்பது தெருவுக்கே தெரிந்துவிடுகிறதே, அங்கேதான் அதற்கு வயிற்றைக் கலக்குகிறது. வயிற்று உபாதையைப் பாடியவர்களை உள்ளே தள்ளியதற்கும் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அவர்கள் எதிர்க்கக்கூட இல்லை, நடிக்க மறந்தார்கள்.

இனி கலைக்கு வருகிறேன். முதலில் ஒரு சாம்பல் கிண்ணம்.

1930களின் கடைசி, லெனின்கிராட். கவிஞர் அன்னா அக்மதோவாவின் முதல் கணவரைப் புரட்சி அரசு 1921இலேயே சுட்டுக் கொன்றிருந்தது. இப்போது மகன் லெவ் சிறையில். மகனுக்குப் பொட்டலம் கொடுக்க, அவன் இருக்கிறானா இல்லையா என்று தெரிந்துகொள்ள, 17 மாதம் சிறை வாசலில் வரிசையில் நின்றார். ஒருநாள் வரிசையில் அவர் பின்னால் நின்றிருந்த ஒரு பெண், குளிரில் உதடு நீலம் பாரித்தவள், யாரோ அவரைப் பெயர் சொல்லி அழைத்ததைக் கேட்டுவிட்டு, காதோரம் குனிந்து கேட்டாளாம்: இதை உங்களால் எழுத முடியுமா? முடியும் என்றார் அக்மதோவா.

எழுதினார். ஆனால் எழுதிய தாளை வீட்டில் வைத்திருக்க முடியாது. சுவருக்குக் காது இருப்பதாக வெறும் பேச்சுக்குச் சொல்வோம், அந்த வீட்டில் ஒட்டுக் கேட்கிறார்கள் என்பதே அவர் எண்ணம். தோழி லிடியா சுகோவ்ஸ்கயா வருவார். அவருடைய கணவரும் சுட்டுக் கொல்லப்பட்டவர்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே அக்மதோவா சட்டென்று நிறுத்தி, கூரையையும் சுவரையும் கண்ணால் காட்டிவிட்டு, ஒரு துண்டுக் காகிதத்தை எடுப்பார். உரத்த குரலில், “டீ குடிக்கிறீர்களா?” வாய் டீயைப் பற்றிப் பேசும், கை விறுவிறுவென்று எழுதும். காகிதம் கை மாறும். சுகோவ்ஸ்கயா மௌனமாகப் படித்து மனப்பாடம் செய்து திருப்பிக் கொடுப்பார். “இந்த வருஷம் இலையுதிர்காலம் சீக்கிரமே வந்துவிட்டது” என்று அக்மதோவா சுவருக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டே தீக்குச்சி கிழிப்பார். காகிதம் சாம்பல் கிண்ணத்தில் எரிந்து அடங்கும்.

‘ரெக்வியம்’ என்ற அந்தக் கவிதைத் தொடர் பல ஆண்டுகள் சில நண்பர்களுடைய தலைக்குள் மட்டுமே இருந்தது. 1963இல் மியூனிக்கில் அச்சானது. சோவியத் நாட்டில் வெளிவந்தது 1987இல். கவிஞர் இறந்து 21 ஆண்டுகளுக்குப் பிறகு. ஸ்டாலின் ஆட்சியை அது ஒரு மயிரிழைகூட அசைக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வரிசையில் நின்றவர்கள் நின்றார்கள் என்பதையே அழித்துவிட அரசு முனைந்தது. அதில் அது தோற்றது. காகிதத்தைத்தான் பறிமுதல் செய்ய முடியும். மனப்பாடத்தின் அருமை நமக்குத் தெரியாததா? எழுத்து எட்டாதவர்கள் தலைமுறை தலைமுறையாக வாய்வழியாகவே காப்பாற்றிக் கொடுத்த பாட்டும் கதையும் நம்மிடம் எவ்வளவு!

இதே அக்மதோவா, மகன் 1949இல் மறுபடியும் கைதானபோது, ஸ்டாலினைப் புகழ்ந்து கவிதைகள் எழுதி 1950இல் அச்சிலும் கொடுத்தார். மகனை அது விடுவிக்கவில்லை. மகன் வெளியே வந்தது 1956இல். இதைச் சொல்லிக்காட்டி அவரை இறக்கிப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மன உறுதி என்பது இருபத்துநான்கு மணி நேரமும் இறுகியே இருக்கும் கருங்கல் என்று நினைப்பவர்கள், பிள்ளை சிறையில் இருக்கும் தாயின் இடத்தில் ஒருநாள் நின்று பார்க்கட்டும்.

சிலி நாட்டுக் கதை வேறு விதம். 1973 செப்டம்பர் 11 அன்று பினோசெட்டின் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பாடகர் விக்டர் ஹாராவை ஒரு விளையாட்டரங்கில் அடைத்துச் சித்திரவதை செய்து சில நாட்களில் கொன்றார்கள். அந்த ஆட்சியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் ஆக்கப்பட்டார்கள். ‘காணாமல் ஆக்கப்பட்டவர்’ என்ற சொல்லைத் தமிழில் விளக்க வேண்டியதில்லை, அது நம்மிடமும் புழங்குகிற சொல்லாகிப் பல காலமாயிற்று.

கணவனையும் பிள்ளையையும் தேடி அலைந்த பெண்கள் தேவாலயத்தின் ஆதரவில் கூடி, கோணித் துணியின் மேல் கந்தல் துண்டுகளை வைத்துத் தைக்கத் தொடங்கினார்கள். ‘அர்பியேரா’ என்று பெயர். தூரத்திலிருந்து பார்த்தால் குழந்தைகள் அறையில் மாட்டுகிற படம் மாதிரி இருக்கும். மேலே ஆண்டிஸ் மலை, பளிச்சென்று ஒரு சூரியன், வரிசையாக வண்ண வீடுகள், விரல் உயரப் பொம்மைகள். கிட்டப் போனால் அந்தப் பொம்மைகளில் ஒன்றைச் சீருடைக்காரர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். இன்னொன்றில் பெண்கள் ‘எங்கே அவர்கள்?’ என்று எழுதிய துணியைப் பிடித்திருப்பார்கள். பொம்மைக்குப் போட்ட சட்டை சில சமயம் காணாமல் போனவனுடைய சட்டையிலிருந்து வெட்டியது. சிலவற்றின் முதுகுப்புறம் சின்னதாக ஒரு பை. அதற்குள் மடித்த காகிதத்தில் தைத்தவளுடைய நாலு வரி.

ஆரம்பத்தில் அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை. பொம்பளைகளின் தையல் வேலைதானே! அந்த அலட்சியத்தில்தான் அவை நாட்டைவிட்டு வெளியே போய், பல நாடுகளில் சுவரேறின. தைத்தவர்களுக்குக் கையில் கொஞ்சம் காசும் கிடைத்தது, அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சம்பாதிக்கிற ஆளைத்தானே தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். விழித்துக்கொண்ட அரசு பிறகு அவற்றை நாட்டுக்கு எதிரான பிரசாரம் என்றது. அதற்குள் காரியம் கை மீறிவிட்டது.

அந்தப் பெண்களே இன்னொன்றும் செய்தார்கள். ‘குவேக்கா’ சிலியின் ஜோடி நடனம்; ஆணும் பெண்ணும் கைக்குட்டையை வீசி வீசி ஆடுவது. 1978 மார்ச் 8, மகளிர் தினத்தன்று சாந்தியாகோவின் ஓர் அரங்கில், காணாமல் போனவர்களின் மனைவியரும் தாய்மாரும் அந்த நடனத்தைத் தனியாக ஆடினார்கள். நெஞ்சில் அவனுடைய புகைப்படம். எதிரே ஆள் நிற்க வேண்டிய இடம் காலி. கோஷம் கிடையாது, குற்றச்சாட்டு கிடையாது. ஆடவேண்டியவன் எங்கே என்ற கேள்வியை அந்தக் காலி இடம் கேட்டுவிடுகிறது. இதில் இன்னொரு வேடிக்கை: அடுத்த ஆண்டே பினோசெட் அரசு அதே குவேக்காவை நாட்டின் தேசிய நடனமாகச் சட்டப்படி அறிவித்தது. தேசிய நடனத்தை ஆடியதற்காக ஒரு கிழவியை எப்படிக் கைது செய்வது?

ஆள்பவனை இப்படி முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் இந்தக் கலையின் சூட்சுமம். போலந்துக்காரர்கள் இதைச் சிரித்துக்கொண்டே செய்தார்கள். 1982இல் ராணுவச் சட்டம் அமலில் இருந்தபோது, சுவரில் எழுதிய எதிர்ப்பு வாசகங்களை அரசு வெள்ளையடித்து மறைத்தது. விரோட்ஸ்வாஃப் நகரில் வால்டெமர் ஃபிட்ரிக்கும் நண்பர்களும் அந்த வெள்ளைத் திட்டுகளின் மேல் குல்லா போட்ட குள்ளர் படம் வரைந்தார்கள். 1988 ஜூன் 1 அன்று ஆயிரக்கணக்கானவர்கள் ஆரஞ்சுக் குல்லா மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். தடியை ஓங்கினால் குள்ளரை அடித்த போலீஸ் என்று ஊர் சிரிக்கும், விட்டால் கூட்டம் பெருகும். சிரிப்புக்கு ஆளான அதிகாரம் மறுபடியும் பயமுறுத்துவது கஷ்டம்.

எஸ்தோனியாவைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள், நானும் காட்டாமல் போக முடியாது. அங்கே 1869 முதல் பாட்டுத் திருவிழா உண்டு. சோவியத் ஆட்சியில் ‘என் தாயகம் என் அன்பு’ என்ற பாட்டு நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டது. 1960 திருவிழாவில் பாடகர்கள் யாரையும் கேட்காமல் அதைப் பாடிவிட்டார்கள். பிறகு அரசுக்கு அதை நிகழ்ச்சியில் சேர்த்துக்கொள்வதைத் தவிர வழியில்லாமல் போனது. 1988 செப்டம்பரில் தல்லின் பாட்டரங்கில் கூடியவர்கள் மூன்று லட்சம் பேர் வரை என்று சொல்கிறார்கள். நாட்டின் மக்கள்தொகையே 15 லட்சத்தை ஒட்டித்தான். 1991 ஆகஸ்டில் விடுதலை. ஆனால் பாடியதால் மட்டுமே விடுதலை வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். மாஸ்கோவின் பிடி தளர்ந்திருந்தது, கோர்பச்சேவ் இருந்தார், கஜானா காலி. கதவு லேசாகத் திறந்தபோது நுழைவதற்கு, ஒன்றாக நின்று பழகிய மக்கள் தயாராக இருந்தார்கள். அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது பாட்டு.

கதவு திறக்காத இடங்களும் உண்டு. 1989 மே 30 அன்று பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் கவின்கலைக் கல்லூரி மாணவர்கள் தெர்மோகோலும் காகிதக்கூழும் கொண்டு சுமார் 10 மீட்டர் உயர ‘ஜனநாயக தேவி’ சிலையை நிறுத்தினார்கள். ஐந்தாம் நாள் ராணுவம் வந்தது. சிலையும் போயிற்று, பிள்ளைகளும் போனார்கள். எரிக்கா செனோவெத்தும் மரியா ஸ்டீஃபனும் 1900 முதல் 2006 வரை நடந்த 323 போராட்டங்களை ஆராய்ந்ததில், அமைதிவழிப் போராட்டங்களில் 53 விழுக்காடு வென்றன, ஆயுதப் போராட்டங்களில் 26 விழுக்காடு. இந்தக் கணக்கைக் காட்டி அகிம்சைதான் உசத்தி என்று மார்தட்டுவார்கள். எனக்கு மிச்ச 47 விழுக்காடும் கண்ணில் படுகிறது.

தனியாளாகச் செத்தவர்களால் என்ன லாபம் என்ற கடைசிக் கேள்விதான் கடினமானது. லாப நஷ்டக் கணக்கில் அதற்குப் பதில் கிடைக்காது. ஆஸ்திரியாவில் சாங்க்ட் ராடெகுண்ட் என்ற சிற்றூரில் ஃபிரான்ஸ் யேகர்ஷ்டேட்டர் என்று ஒரு விவசாயி. 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவைச் சேர்த்துக்கொண்டதற்கு நடந்த வாக்கெடுப்பில் அந்த ஊரில் ‘வேண்டாம்’ என்று போட்ட ஒரே ஆள். அந்த ஓட்டையும் கணக்கில் காட்டாமல் ஊர் முழுக்க ஒருமனதாக ஆதரித்ததாக அறிவித்துவிட்டார்கள். பிறகு நாஜிப் படைக்காகப் போரிட மாட்டேன் என்று மறுத்தார். ஊர்க்காரர்கள் சொன்னார்கள், பாதிரியார் சொன்னார், ஆயரும் சொன்னார்: உனக்கு மூன்று பெண் குழந்தைகள், யோசித்துச் செய். 1943 ஆகஸ்ட் 9 அன்று தலையை வெட்டினார்கள். போர் முடிந்தும் ஊர் அவரைப் பைத்தியக்காரனாகத்தான் பார்த்தது. மனைவி ஃபிரான்ஸிஸ்காவுக்கு விதவை ஓய்வூதியம் 1950 வரை மறுக்கப்பட்டது. 2007இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரை அருளாளர் வரிசையில் சேர்த்தபோது, அந்தச் சடங்கில் 94 வயது ஃபிரான்ஸிஸ்கா உட்கார்ந்திருந்தார்.

அந்த மறுப்பால் போர் ஒருநாள் முன்னதாக முடியவில்லை. ஆனால் ‘அன்றைக்கு எங்களுக்கு வேறு வழியே இல்லை’ என்று பின்னால் சொன்னவர்கள் அத்தனை பேருக்கும் அந்த விவசாயி தொண்டையில் சிக்கிய முள். நம் அப்பர் பல்லவன் அழைத்தபோது ‘நாமார்க்கும் குடியல்லோம்’ என்று பாடியதாகச் சேக்கிழார் சொல்கிறாரே, அங்கேயும் பிறகு வருகிற சுண்ணாம்புக் காளவாயையும் யானையையும் கல்லோடு கட்டிக் கடலில் போட்டதையும்தான் நாம் பெரிதாகச் சொல்வோம். நம்பிக்கை உள்ளவர்களுக்கு அவை அற்புதங்கள். எனக்கோ, கூப்பிட்ட ஆளிடம் வரமாட்டேன் என்றாரே, அந்த இடமே போதும். கல் மிதக்குமா என்று அப்போது அவருக்கும் தெரியாது.

கடைசியாக ஒன்று, எந்த மொழியில் பாடுவது என்பது. கென்யாவின் எழுத்தாளர் கூகி வா தியாங்கோ ஆட்சியைக் கிழிக்கும் ஆங்கில நாவலை 1977இல் வெளியிட்டார். அவரைத் தொடவில்லை. அதே ஆண்டு, லிமுருவுக்குப் பக்கத்தில் கமிரீது கிராமத்தில் கூகி வா மிரீயோடு சேர்ந்து, அந்த ஊர் மக்கள் பேசும் கிகூயு மொழியில் ஒரு நாடகம். நடித்தவர்கள் அந்த ஊர் விவசாயிகளும் தொழிலாளிகளும். திறந்தவெளி அரங்கைக் கட்டியதும் அவர்கள்தான். ஒத்திகையில் ‘எங்கள் ஊர்க் கிழவன் இப்படிப் பேசமாட்டான்’ என்று வசனத்தைத் திருத்தியதும் அவர்கள்தான். ஆறேழு வாரத்தில் உரிமம் ரத்து. டிசம்பர் கடைசியில் கூகி வா தியாங்கோ விசாரணையில்லாக் காவலில். ஆங்கிலத்தில் திட்டியபோது கேட்டவர்கள் படித்த நாலு பேர். கிகூயுவில் பேசியபோது கேட்டவர்கள் ஊரே. 1982இல் போலீஸ் வந்து அந்த அரங்கையே இடித்துத் தரைமட்டமாக்கியது.

சிறையில் அவர் கழிப்பறைக் காகிதத்தில் கிகூயு மொழியில் ஒரு நாவல் எழுதினார். கைதிகளுக்குச் சொகுசு கூடாதென்று கொடுத்த முரட்டுக் காகிதம். உடம்புக்கு ஆகாதது பேனாவுக்கு நன்றாக ஒத்துழைத்ததாம். நடுவில் சோதனை போட்டுக் கட்டு முழுவதையும் தூக்கிக்கொண்டு போய், சில வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். 1978 டிசம்பரில் விடுதலையானார். நாவல் 1980இல் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வீட்டில் பிள்ளைகள் வாசித்துக் காட்டினார்கள். தொழிற்சாலை மதிய இடைவேளையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். மதுக்கடைகளில் அதற்கென்றே குரல்வளம் உள்ள வாசிப்புக்காரர்கள் கிளம்பினார்கள். கதை சூடு பிடிக்கும் இடம் பார்த்து ஆள் சட்டென்று நிறுத்துவார். அவருடைய கோப்பை காலி என்று அர்த்தம். யாராவது ஒருவர் வாங்கி ஊற்றியதும் மேலே வாசிப்பார்.